போன மாதத் தேதியில் அத்தானின் கையெழுத்து

என் அக்காவுக்குத் தொழிற்சாலையில் வைத்திருக்கும் பெயர் ரிஜெக்ட். வைத்தவன் யாரென்று தெரியாது, ஆனால் ஆளைச் சரியாக அளந்துதான் வைத்திருக்கிறான். பம்புக்குள் சுழலும் இரும்புத் தண்டுகளை அளந்து பார்த்து, தேறியதைப் பச்சைப் பெட்டியிலும் தேறாததைச் சிவப்புப் பெட்டியிலும் போடுவது அவளுடைய வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே மேசை, அதே நாற்காலி. மேலாளர் வந்து கெஞ்சினாலும் சரி, சரக்கு ஏற்ற வந்த லாரி வாசலில் நின்று ஹாரன் அடித்தாலும் சரி, சிவப்புப் பெட்டியில் விழுந்தது விழுந்ததுதான். பார்க்காமல் ஒன்றைக்கூடத் தேற்றியதில்லை என்பதில் அவளுக்கு ஒரு திமிர் உண்டு. அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும். பக்கத்தில் இருந்து அனுபவிக்கும்போது மட்டும் பிடிக்காது.

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். என் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் இருக்கும். அக்கா ஏறியவுடன் அதை இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவாள். "ஏன்க்கா, என்மேல நம்பிக்கை இல்லையா?" என்றால், "உன்மேல இருக்குடா, பிரேக் மேலதான் இல்ல" என்பாள். இப்படிப்பட்டவளை ஒருவர் கல்யாணம் செய்துகொண்டார் என்பதே அதிசயம். அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

அத்தான், அளக்கிற கருவிகளை அளக்கிறவர். ஒரு ஏஜென்சியில் வேலை. தொழிற்சாலை, பட்டறை, கல்லூரி ஆய்வகம் என்று ஒவ்வொரு இடமாகப் போவார். அங்கே இருக்கும் அழுத்தமானி, தராசு, மைக்ரோமீட்டர் எல்லாம் சரியான அளவைக் காட்டுகின்றனவா என்று சோதிப்பார். சரியாக இருந்தால் ஒரு சின்னப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார். அதில் சோதித்த தேதி, அடுத்த தேதி, அவருடைய கையெழுத்து இருக்கும். அக்காவின் மேசைக்கு முதல் தடவை வந்த அன்றே, அவளுடைய மைக்ரோமீட்டர் இரண்டு மைக்ரான் தப்பு என்று சொல்லிவிட்டார். அக்கா சண்டைக்குப் போனாள். மறுபடி அளந்தார்கள். தப்புதான். "என்னைத் தப்புன்னு சொன்ன ஆளை இன்னைக்குத்தான்டா பார்த்தேன்" என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். சொன்ன விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது, இது கல்யாணத்தில்தான் போய் முடியுமென்று.

பதின்மூன்று வருடம் நன்றாகத்தான் இருந்தார்கள். ஆறு வருடத்துக்கு முன்பு, ஒரு பட்டறையில் கருவிகளைச் சோதிக்கப் போயிருந்தபோது, காற்றை அடைத்து வைக்கும் பெரிய இரும்புத் தொட்டி ஒன்று வெடித்தது. அத்தான் அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தொட்டியில் அழுத்தம் எல்லை மீறி ஏறியிருந்தது, ஆனால் அதிலிருந்த அழுத்தமானியின் முள் பாதியில்தான் நின்றிருந்தது. அந்த அழுத்தமானியில் ஒரு பச்சை ஸ்டிக்கர். அதில் அத்தானின் கையெழுத்து.

விசாரணை அறிக்கையில் இரண்டே வரி எழுதி முடித்துவிட்டார்கள். கருவியைச் சரி என்று சான்று கொடுத்தவரே இறந்துவிட்டதால் மேற்கொண்டு கேட்க ஆளில்லை என்று. ஊர் வாய் அதோடு நிற்குமா? "பார்க்காம ஒட்டியிருப்பாரு, அதுவே அவருக்கு வெனையாயிடுச்சு" என்று அக்காவின் காதுபடவே பேசினார்கள். அவள் மறுவாரம் வேலைக்குப் போய், அன்று மட்டும் நாற்பது தண்டுகளைச் சிவப்புப் பெட்டியில் போட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

அவர்களுக்கு ஒரே மகள். பதினேழு வயதாகியும் வீட்டில் இன்னும் பாப்பாதான். அளந்துதான் பேசுவாள். படிப்பில் புலி. விமானம், ராக்கெட் சம்பந்தப்பட்ட ஏரோஸ்பேஸ் இன்ஜினியரிங் படிக்க வேண்டும், கிடைக்காவிட்டால் மெக்கானிக்கல் என்று தீர்மானமாக இருந்தாள். மதிப்பெண்ணுக்குக் குறையில்லை. எந்தெந்தக் கல்லூரி வேண்டுமென்று வரிசைப்படுத்தி இணையத்தில் பதிய வேண்டும், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு அது மூடிவிடும். ஒரு தடவை பதிந்தால் மாற்ற முடியாது. நாலு வருடப் படிப்பும் அதற்குப் பிறகு வருகிற வேலையும் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

பாப்பா எழுதி வைத்திருந்த பட்டியலைப் பார்த்து நான் தலையைச் சொறிந்தேன். பேர் பெற்ற கல்லூரிகள் நாலைந்து அதில் இல்லவே இல்லை. கேள்விப்படாத மூன்று கல்லூரிகள்தான் இருந்தன.

"ஏன் பாப்பா, எல்லாரும் போட்டி போடற காலேஜை விட்டுட்டு இதையெல்லாம் எங்கேருந்து புடிச்ச?"

"போய்ப் பார்க்கலாம் மாமா. இந்த வாரம் மூணு காலேஜ்லயும் லேப் திறந்து காட்டறாங்க."

அக்காவுக்கு அது பிடித்துவிட்டது. விளம்பரப் புத்தகத்தில் இருக்கிற சிரித்த முகங்களை அவள் நம்புகிறவள் இல்லை. ஒரு நோட்டை எடுத்து, பார்க்க வேண்டியதை எழுதிக்கொண்டாள். ஒரு லேத் இயந்திரத்துக்கு எத்தனை மாணவர்? இயந்திரத்தின் கைப்பிடி தேய்ந்திருக்கிறதா, புதுசாகவே இருக்கிறதா? காற்றை வேகமாகச் செலுத்தி விமான மாதிரியைச் சோதிக்கும் விண்ட் டனல் இருந்தால், அதை மாணவர்கள் ஓட்டுகிறார்களா, பூட்டி வைத்திருக்கிறார்களா? படித்து முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள்? நான் பார்த்த எந்தப் பெற்றோரும் இப்படிக் கேள்வி எழுதிக்கொண்டு போனதில்லை.

திங்கட்கிழமை முதல் கல்லூரி. வழுவழுப்பான தரை, வரவேற்பில் மீன் தொட்டி. ஒரு பேராசிரியர் இருபது பெற்றோரையும் பிள்ளைகளையும் மொத்தமாக ஓட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அக்கா லேத்தின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தாள். பெயின்ட் கூட உதிரவில்லை. "சார், இதை எப்ப வாங்குனீங்க?" என்றாள். "ஒன்பது வருஷம் ஆச்சும்மா." அக்கா நோட்டில் எழுதிக்கொண்டாள். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்த அறை கீழ்த்தளத்தில் இருந்தது. ஜன்னல் இல்லை. குழாய்களும் தொட்டிகளும் வரிசையாக நின்றன, ஏதோ ஒரு மோட்டார் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு அழுத்தமானியின் முன்னால் நின்றவள் நகரவே இல்லை. கூட்டம் போய்விட்டது. நான் திரும்பி வந்து, "என்னக்கா?" என்றேன். அவள் விரலால் காட்டினாள்.

பச்சை ஸ்டிக்கர். அத்தானின் கையெழுத்து. அந்த வளைவும், கீழே இழுத்த அடிக்கோடும் எனக்கே அத்துப்படி, என் கல்யாணப் பதிவில் சாட்சிக் கையெழுத்து அவருடையது. அதற்கு மேலே சோதித்த தேதி. போன மாதம் பதினான்கு.

பக்கத்து அழுத்தமானியைப் பார்த்தேன். அதிலும் அதே கையெழுத்து, அதே போன மாதம். அந்த அறையில் மட்டும் பதினொன்று இருந்தன.

வாசலில் நின்ற ஆய்வக உதவியாளரிடம் அக்கா கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இதெல்லாம் யாருங்க வந்து செக் பண்ணி ஒட்டறது?"

"ஏஜென்சிலேருந்து ஒருத்தர் வருவாரும்மா."

"எப்படி இருப்பார்?"

அவர் யோசித்தார். "நான் பார்த்ததில்ல. விடுமுறை நாள்ல வந்துட்டுப் போயிடுவாரு போல. மறுநாள் வந்து பார்த்தா ஒட்டியிருக்கும். கையெழுத்து மட்டும் ரொம்ப வருஷமா ஒரே ஆளோடதுதான்."

பாப்பா அப்போது ஒரு தொட்டியின் பின்னாலிருந்து வெளியே வந்தாள். கூட்டத்தோடு போயிருப்பாள் என்று நினைத்திருந்தேன். "போகலாமாம்மா?" என்றாள். அக்கா மகளிடம் எதையும் சொல்லவில்லை. காரில் ஏறியவள் பிரேக்கை அழுத்திப் பார்க்கவும் மறந்துபோனாள். அதுதான் எனக்கு அந்த ஸ்டிக்கரைவிடப் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது கல்லூரி. அங்கே பிள்ளைகளை ஒரு மாணவி முதலில் கூட்டிக்கொண்டு போனாள். பெற்றோர் இருபது நிமிடம் கழித்துத்தான் பின்னால் போக வேண்டும். அக்கா இந்தத் தடவை நோட்டை வெளியே எடுக்கவே இல்லை. லேத்தைப் பார்க்கவில்லை, கேள்வி கேட்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அழுத்தமானிகளை மட்டும் தேடினாள்.

ஸ்டிக்கர் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு கருவியிலும் ஸ்டிக்கர் இருந்த இடம் இருந்தது. சுற்றிலும் தூசி படிந்திருக்க, நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சுத்தமான கட்டம். முதல் கருவியில் அப்படி, இரண்டாவதிலும் அப்படி, வரிசையாக அந்த அறை முழுக்க. கடைசியில் இருந்த ஒன்றில் மட்டும் ஸ்டிக்கர் பாதி கிழிந்து நின்றது. கையெழுத்தின் அடிக்கோடு மட்டும் அதில் மிச்சம் இருந்தது.

அக்கா அந்தச் சுத்தமான கட்டத்தில் விரலை வைத்தாள். விரல் ஒட்டிக்கொண்டது.

"பசை காயலடா" என்றாள். "இப்பத்தான் எடுத்திருக்கு."

"யாராவது புதுசு ஒட்டறதுக்காகப் பழசை எடுத்திருப்பாங்கக்கா."

"இல்லடா." என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர்தான். ஊர் முழுக்கப் பேசுனாங்கல்ல, பார்க்காம கையெழுத்துப் போட்டார்னு? போட்டதையெல்லாம் திருப்பி எடுத்துட்டுப் போறார். நமக்கு முன்னாடி போறார்டா."

பட்டப்பகல், பதினொரு மணி. என் கையில் முடி சிலிர்த்துக்கொண்டது. மைக்ரான் கணக்கில் பேசுகிற என் அக்கா இப்படிச் சொன்னதுதான் காரணம். வேறு யாராவது சொல்லியிருந்தால் கேலி செய்திருப்பேன்.

புதன்கிழமை மூன்றாவது கல்லூரி. அங்கேதான் விண்ட் டனல் இருந்தது. ஒரு அறையின் நீளத்துக்குப் படுத்திருந்த பெரிய குழாய், நடுவில் கண்ணாடி ஜன்னல், உள்ளே ஒரு சின்ன இறக்கை. இறக்கை முழுக்க வெள்ளை நூல் துண்டுகளை ஒட்டியிருந்தார்கள். பெற்றோரைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, பிள்ளைகளை மட்டும் கருவிகளுக்குப் பக்கத்தில் விட்டார்கள். விசிறி சுழல ஆரம்பித்ததும் தரை அதிர்ந்தது. சத்தம் ஏற ஏற, தொங்கிக்கொண்டிருந்த நூல்கள் எல்லாம் ஒன்றாக எழுந்து ஒரே திசையைக் காட்டின. பக்கத்திலிருந்த அழுத்தமானியில் ஸ்டிக்கர் இருந்தது, இங்கிருந்தே பச்சையாகத் தெரிந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று மின்சாரம் போயிற்று. அறை இருட்டானது. விசிறி மட்டும் தன் வேகத்தில் சுழன்று, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பெரிய மூச்சு அடங்குவதுபோல் அடங்கியது. யாரோ ஒரு பெண் சிரித்தாள், யாரோ குழந்தையை அதட்டினார்கள். ஒரு நிமிடம்கூட இருக்காது. விளக்கு வந்தபோது அழுத்தமானியில் பச்சை இல்லை.

பிள்ளைகள் வெளியே போனார்கள். பெற்றோரும் போனார்கள். அக்கா தடுப்பைத் தாண்டி அந்த அழுத்தமானியிடம் போய் நின்றாள். நான் வாசலில் நின்றேன், உள்ளே போகக் கால் வரவில்லை. அவள் முகத்தில் ஆறு வருடமாக நான் பார்க்காத ஒரு சிரிப்பு. அந்தக் காலி அறையில், பக்கத்தில் நிற்கிறவரிடம் கேட்பதுபோல, மெதுவாகக் கேட்டாள்.

"சாப்பிட்டீங்களா?"

கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு தலையை ஆட்டிவிட்டு, "சரி, நான் கிளம்பறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். என் வாழ்க்கையில் அதைப்போல் நான் பயந்ததில்லை. அதைப்போல் அழத் தோன்றியதும் இல்லை.

திரும்பி வரும்போது பின்னிருக்கை தெரிகிற கண்ணாடியில் பாப்பாவைப் பார்த்தேன். ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் கண்ணாடியைப் பாருங்கள், கண்ணாடியைப் பாருங்கள் என்று நாள் முழுக்கக் கத்துகிறவன், மூன்று நாளாக அந்தக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. அவள் மடியில் கைகளை வைத்துக்கொண்டு, கட்டைவிரல் நகத்தின் இடுக்கிலிருந்து எதையோ உருட்டி உருட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். கறுத்துப்போன பசை. நகத்தின் ஓரத்தில் ஒரு துளிப் பச்சைக் காகிதம்.

எனக்குப் பாதி புரிந்தது. அக்கா பக்கத்து இருக்கையில் ஜன்னல் பக்கம் திரும்பி, தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஆறு வருடத்துக்குப் பிறகு சிரிக்கிறவளிடம் இதைச் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. பாப்பாவையும் கேட்கவில்லை. அது என் கோழைத்தனம்தான், வேறு பேர் வைத்து ஏமாற்ற விரும்பவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அக்கா வரச் சொன்னாள். சாப்பாட்டு மேசையில் லேப்டாப் திறந்திருந்தது. கல்லூரி வரிசையில் முதல் இடத்தில் அந்த மூன்றாவது கல்லூரி. இரண்டாவது இடமும் மூன்றாவது இடமும் காலி.

"வேற எதுவும் போடலையா?"

"வேண்டாம். இதே போதும்."

அவளுடைய நோட்டை எடுத்துப் பிரித்தேன். புதன்கிழமை காலையில், விண்ட் டனல் அறைக்குப் போவதற்கு முன்பு, அவளே எழுதி வைத்தது: பதினான்கு பேருக்கு ஒரு லேத். விண்ட் டனலைத் திறப்பது வருடத்துக்கு இரண்டு தடவை, வெளியாட்களுக்குக் காட்ட மட்டும். ஏரோஸ்பேஸுக்குத் தனி ஆசிரியர் ஒருவர்தான். கடைசி வரியில், சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.

"இது நீயே ரிஜெக்ட் பண்ண காலேஜ்தானேக்கா."

"அதெல்லாம் பரவாயில்லடா."

பரவாயில்லை என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டதே இல்லை. அவள் பாப்பாவின் பக்கம் திரும்பினாள். "உங்கப்பா அங்க இருக்கார் பாப்பா. நான் பார்த்தேன். நாலு வருஷம் உன்னைப் பார்த்துக்குவார். எனக்கு வேற எந்தக் கவலையும் இல்ல." சொல்லிவிட்டு, பதிவதற்கான பொத்தானை அழுத்தப் போனாள்.

"அம்மா, அழுத்தாத" என்றாள் பாப்பா.

உள்ளே போய் ஒரு பழைய பள்ளி நோட்டை எடுத்து வந்தாள். மேசையில் வைத்துத் திறந்தாள். பக்கம் முழுக்கப் பச்சை ஸ்டிக்கர்கள். பிய்த்த காயத்தோடு, மூலை மடிந்து, கிழிந்து, வரிசையாக ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் அத்தானின் கையெழுத்து.

"அப்பா இல்லம்மா. நான்தான் எடுத்தேன்."

அக்கா ஸ்டிக்கர்களையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

பாப்பா நின்றபடியே சொன்னாள், பாடம் ஒப்பிப்பதுபோல. ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தான் ஸ்டிக்கர் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். ஒரு தாளில் இருபத்திநாலு ஸ்டிக்கர். போகிற இடத்தில் நேரம் மிச்சமாகட்டும் என்று, தேதியை மட்டும் விட்டுவிட்டு, எல்லாவற்றிலும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைப்பார். பார்த்துவிட்டுத்தானே ஒட்டப்போகிறேன், அதனால் தப்பில்லை என்பார். அது முடிந்தால்தான் விளையாட வருவார். பதினொரு வயதுப் பெண்ணுக்கு அவ்வளவு பொறுமை ஏது? சீக்கிரம் முடியட்டும் என்று அவளும் உட்கார்ந்து அவர் கையெழுத்தைப் போட்டுப் பழகினாள்.

"அப்பா பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தார். எனக்கே வித்தியாசம் தெரியலையேன்னு சிரிச்சார். அப்புறம் பாதித் தாள் எனக்குக் கொடுத்துடுவார். நிறையப் போட்டேம்மா. அவர் ஆபீஸ் டிராயர்ல அம்பது அறுபது தாள் இருந்திருக்கும். அவர் போனப்புறம் அதை எடுத்து வேற யாரோ ஒட்டிட்டு இருக்காங்க. பார்க்காமயே."

ஒன்பதாம் வகுப்பில் பள்ளியிலிருந்து ஒரு கண்காட்சிக்குக் கூட்டிப்போனபோதுதான், அங்கே ஒரு கருவியில் முதல் ஸ்டிக்கரைப் பார்த்திருக்கிறாள். இறந்துபோன அப்பாவின் கையெழுத்து, அந்த வருடத் தேதியோடு. தன் கைப்பட எழுதியது. அப்போதிருந்து தூக்கம் போயிருக்கிறது. அத்தானின் பழைய டைரியிலிருந்து அவர் போய்வந்த இடங்களைக் குறித்து வைத்திருந்தாள். அதில் மூன்று கல்லூரிகள். உள்ளே நுழைய அவளுக்கு வேறு வழி இல்லை. அவள் போட்ட பட்டியல் படிப்பதற்கான பட்டியலே இல்லை.

"எதுக்குடி அதைப் பிய்ச்ச?" என்று நான்தான் கேட்டேன்.

"என் கையெழுத்தை நம்பி யாராவது ஒரு தொட்டி பக்கத்துல போய் நிப்பாங்க மாமா."

அக்கா எழுந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்து நான் நடுவில் போய் நிற்கத் தயாரானேன். அவள் பீரோவைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்து பிரித்தாள். கண்ணாடி உடைந்த ஒரு அழுத்தமானி. முள் பாதியில் நின்றிருந்தது. விசாரணை முடிந்தபோது அத்தானின் பையோடு இதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்களாம். ஆறு வருடமாக அந்த வீட்டில் இது இருந்தது எனக்குத் தெரியாது. பாப்பாவுக்கும் தெரியாது. அவள் இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அழுத்தமானியின் பக்கவாட்டில் பச்சை ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தது.

"உன்னோடதுக்கும் அப்பாவோடதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று அக்கா கேட்டாள். வேலையிடத்தில் பேசுகிற குரல்.

"அப்பா அடிக்கோட்டை வலது பக்கத்துலேருந்து இழுப்பார். எனக்கு அப்படி வராது. நான் இடது பக்கத்துலேருந்து இழுப்பேன். மை முதல்ல வைக்கிற இடத்துல கொஞ்சம் தடிப்பா இருக்கும். லென்ஸ் வச்சாத்தான் தெரியும்." பாப்பா அந்த அழுத்தமானியைக் கைகாட்டினாள். "அம்மா, அதுல இருக்கறது என்னோடதா? ஆறு வருஷமா எனக்கு இது ஒண்ணுதான் தெரியணும். நான் போட்ட கையெழுத்தாலதான் அப்பா…"

அக்கா கைப்பையிலிருந்து, கண்ணில் பொருத்திப் பார்க்கிற சின்ன லென்ஸை எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பி, முதுகைக் காட்டி நின்று, அழுத்தமானியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். வெகுநேரம் பார்த்தாள். தெருவில் ஏதோ ஒரு வண்டி ரிவர்ஸ் எடுக்கிற பீப் ஓசை மட்டும் விட்டு விட்டுக் கேட்டது.

"அப்பாவோடது" என்றாள்.

"நெஜமாவா?"

"வலது பக்கம்தான் தடிப்பா இருக்கு. இதைப் பார்க்கறதுதான்டி என் பொழப்பு. உன்னோடது இல்ல. உங்கப்பா போட்டதுதான். அவர் பண்ண தப்புக்கு அவரே போயிட்டார். உனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

சொன்ன கையோடு காய் நறுக்கும் கத்தியை எடுத்து, அந்த ஸ்டிக்கரைச் சுரண்டினாள். துகள் துகளாக வந்ததை உள்ளங்கையில் வாரி, குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினாள். பாப்பா சுவரோடு வழுக்கித் தரையில் உட்கார்ந்து அழுதாள். அத்தான் போன அன்றைக்குக்கூட அழாதவள். சின்னப் பிள்ளை விழுந்து அடிபட்டால் அழுமே, அப்படி வாய்விட்டு அழுதாள். அக்கா அவளைத் தூக்கவில்லை, தானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. அக்கா மூன்று கல்லூரிகளுக்கும் போன் செய்து, உங்கள் கருவிகள் எதுவும் சோதிக்கப்படவில்லை, தொடாதீர்கள் என்று யாரிடமோ கத்தினாள். ஏஜென்சியின் பேரில் புகார் எழுதினாள். முகம் கழுவிவிட்டு வந்த பாப்பா, பழைய பட்டியலை அழித்துவிட்டு, தனக்கு நிஜமாகவே எந்தக் கல்லூரி வேண்டுமென்று முதல் தடவையாக யோசித்தாள். முதலில் ஏரோஸ்பேஸ் இருக்கிற பெரிய கல்லூரி இரண்டு. கிடைக்காவிட்டால் மெக்கானிக்கல், கைப்பிடி தேய்ந்த லேத்துகள் இருக்கிற பழைய கல்லூரி. வேலை வாய்ப்புக்கு மெக்கானிக்கல்தான் அகலம் என்று நான் சொன்னதற்கு, "மாமா, நீங்க ரெண்டு பிரேக் வச்சுதான் வாழ்க்கையை ஓட்டுவீங்க" என்றாள். அவள் என்னைக் கேலி செய்து பல வருடமாகியிருந்தது. அன்றே பதிந்துவிட்டார்கள்.

நான் கிளம்பினேன். அக்கா வாசல்வரை வந்தாள். படியில் இறங்கியவன் திரும்பி, உள்ளே கேட்காதபடி கேட்டேன்.

"அக்கா, நெஜமாவே அத்தானோடதுதானா?"

அவள் கதவைப் பாதி சாத்திக்கொண்டாள்.

"தெரியாதுடா" என்றாள். "லென்ஸை வச்சுட்டுக் கண்ணை மூடிட்டேன்."